புது எக்சோஸும் பழைய சத்தமும்

என் ஆசை அண்ணே,

நீ போன இடத்திலாவது நெரிசல் இல்லாமல் இருக்கிறதா? இங்கே எல்லைப் பாலத்தில் அதே கூட்டம்தான். சிங்கப்பூர் வேலைக்கு ஓடும் மோட்டார் சைக்கிள்கள், மழைக்கோட்டுகள், ஹாரன்கள். ஜொகூர் பாருவுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கூட்டத்தில் உன் சிவப்பு ஹெல்மெட்டைத் தேடுகிறேன். தேடக்கூடாது என்று தெரியும். கண் கேட்டால்தானே.

உன் மோட்டாரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கூலாய் வீட்டிலிருந்து செடெனாக் தொழிற்சாலைக்குப் போய்வர எனக்கு வேறு வழியில்லை. இந்தக் கடிதமும் அந்த மோட்டாரின் புகைக்குழாயை, அந்த எக்சோஸைப் பற்றியதுதான். தங்கச்சிக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று சிரிக்காதே, கேள்.

அந்தக் குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்தில் எப்போதும் புகை கசியுமே, நினைவிருக்கிறதா? வேகத்தைக் குறைத்தால் பட் பட் என்று வெடிக்கும். நீ நம் தாமான் குடியிருப்பு முனையில் திரும்பும்போதே எங்களுக்குக் கேட்டுவிடும். "வந்துட்டான் பாரு, ஊரையே எழுப்பிக்கிட்டு!" என்று திட்டிக்கொண்டே அப்பா சாவியை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போவார். "அடுத்த மாசம் மாத்திடறேன்பா" என்பாய் நீ. எத்தனை அடுத்த மாதங்கள் அண்ணே!

சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன்னைக் கொண்டுவந்தோம், மோட்டார் அங்கேயே நின்றது. காரியமெல்லாம் முடிந்தபின் உன் கூட்டாளி அதை ஓட்டிக்கொண்டு வந்தான். முனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா சாவியோடு ஓடினார். நடக்கவில்லை, அந்த முட்டிவலியோடு ஓடினார். கேட்டைத் திறந்து, ஹெல்மெட்டுக்குள் வேறு முகத்தைப் பார்த்தார். "உள்ள வா தம்பி, டீ குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காமல் போனது அன்றுதான். நானே அதை உண்டாக்கிக்கொண்டு நம் தெருவில் திரும்புவதைத் தாங்க முடியவில்லை. குழாயும் துருப்பிடித்துப் பொத்தல் விழுந்துவிட்டது, சூடான காற்று கணுக்காலில் அடித்தது. புது எக்சோஸ் வாங்கி வந்து, கைப்பேசியில் காணொளி பார்த்து, கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து நானே மாட்டினேன். கிளப்பினால், பட் பட்!

விடுவேனா? எஞ்சின் ஆறியபின் குழாய் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் கிளப்பினேன். ஒரு பக்கமாக நுரை பொங்கியது. மறுபடி கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தால், புகை கசியாமலிருக்க வைக்கிற அந்தச் செம்பு வளையம் பழையது அப்படியே ஒட்டிக்கிடக்கிறது. ஒன்றில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. பழையதைச் சுரண்டி எடுக்கச் சோம்பல்பட்டு மேலேயே இன்னொன்றை வைத்து இறுக்கியிருக்கிறாய்! நான் வேறு மூன்றாவதை வைத்திருக்கிறேன். மடையா என்று வாய்விட்டே திட்டினேன். பிறகு கரிபிடித்த அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன்.

சுத்தமாகச் சுரண்டி, ஒரே ஒரு புது வளையம் வைத்து, இரண்டு நட்டுகளையும் முதலில் கையால் திருகி, பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக இறுக்கினேன். நுரை வரவில்லை. மோட்டார் சாதுவாகிவிட்டது.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கேட் மூடியே இருந்தது. என் சாவியால் திறந்து உள்ளே போனேன். அப்பா விளக்குகூடப் போடாமல் நாற்காலியில் இருந்தார்.

"எப்பம்மா வந்த? சத்தமே இல்லையே?"

"புது எக்சோஸ்ப்பா. இனி தெருவுல யாரும் திட்ட மாட்டாங்க."

"ம்... நல்லதுதான்" என்றார். அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

சில நாளில் சத்தம் திரும்பி வந்தது. பார்த்தால் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. அதிர்வில் தளர்ந்திருக்கும் என்று இறுக்கினேன். மறுபடி தளர்ந்தது. நானும் கடைக்காரர் மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போட வெளியே வந்தேன். அப்பா மோட்டார் பக்கத்தில் குந்தியிருந்தார், கையில் ஸ்பானர். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"ஒரு சுத்துதாம்மா தளத்துனேன். ரொம்ப இல்ல."

"ஏம்ப்பா?"

ஸ்பானரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சத்தம் கேட்டா எழுந்திரிக்கத் தோணுது, சாவிய எடுக்கத் தோணுது. வர்றது நீதான்னு தெரியும்மா. தெரிஞ்சும் தோணுது. இல்லாட்டி சாயங்காலம்னு ஒன்னு வர்றதே தெரியல."

உன்னை வாழ்நாளெல்லாம் எந்தச் சத்தத்துக்காகத் திட்டினாரோ, அதையே திரும்பக் கொண்டுவர நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார் நம் அப்பா. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ இருந்தால் ஏதாவது கேலி பேசிச் சமாளித்திருப்பாய். எனக்கு அது வராது. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"லோரிங்க போற ரோட்டுல அந்த நட்டு கழண்டு, குழாய் கீழ விழுந்து நானும் விழுந்தா என்னப்பா ஆகும்?"

அவர் முகத்தில் இரத்தமே இல்லை. "அய்யோ, நான் அத நெனைக்கலையேம்மா" என்றார். "எனக்கு நீ ஒருத்திதான இருக்க." அப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ என்று இன்னமும் நினைக்கிறேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாதவர், அங்கே குந்தியபடியே அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

நசுங்கிய வளையத்தை மாற்றினேன். நட்டுகளை அவரே இறுக்கினார், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். கிளப்பிப் பார்த்தோம். எங்கும் கசியவில்லை. உன் சத்தம் இந்த உலகத்தில் இனி எங்கேயும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏங்குகிறேன் அண்ணே. பிடிக்காமல் போன அந்தச் சத்தத்துக்காகவே ஏங்குகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் கேட்டில் நின்று, "அப்பா, வந்துட்டேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவேன். என் சாவி பைக்குள்ளேயே கிடக்கட்டும். அவர் எழுந்து வந்து திறக்கும்வரை, மழையே பெய்தாலும், வெளியிலேயே நிற்பேன்.

உன் ஒரே தங்கச்சி,
மாலா