அஞ்சலையிடம் நீங்கள் சொல்லாத ஒரு வார்த்தை

என் பிரியமுள்ள ஞானம் அண்ணனுக்கு,

நீங்கள் போய் ஓராண்டு ஆகிவிட்டது. சனிக்கிழமை உங்களுக்காகப் பூசை வைத்தோம். பிறகு மாதா கோயில் மண்டபத்தில் நினைவுக் கூட்டம் நடந்தது. "சட்டத்தை உயிராக மதித்த அறிஞர்" என்று அரசாங்கத்திலிருந்து வந்த ஒருவர் உங்களைப் புகழ்ந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

எதைப் புகழ்கிறோம் என்று அவருக்குத் தெரியுமா அண்ணா? அந்த ஓட்டுச் சாவடி வரிசையில் நின்றவள் நான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். அப்போது நீங்கள் பல்கலைக்கழகத்தில் அரசியல் வரலாறு நடத்திக்கொண்டிருந்தீர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் தொழிலாளர் குடியிருப்புக்குப் போய்விடுவீர்கள். வாக்காளர் பட்டியலில் சேருவதற்கான படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. வீடு வீடாக உட்கார்ந்து நீங்களே அவற்றை நிரப்பிக் கொடுத்தீர்கள். அஞ்சலையின் படிவத்தையும் நீங்கள்தான் எழுதினீர்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் ஆயா அவர். இந்த ஊரிலேயே பிறந்தவர். புருஷன் இறந்த பிறகு இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அரசாங்கம் உங்களைக் கூப்பிட்டது. பட்டியல் தயாரிக்கும் பிரிவில் பெரிய பதவி. "வெளியே நின்னு கத்துறதவிட உள்ள போய் மாத்தலாம்மா" என்றீர்கள். நானும் நம்பினேன். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அந்த ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது, தெரிந்த இருவர் சாட்சி சொன்னால் ஓட்டுப் போட விடவேண்டும் என்று பதினோரு பக்கத்துக்கு ஒரு பரிந்துரை எழுதினீர்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்தவள் நான். மேலதிகாரி "பார்க்கலாம்" என்றார். தேர்தல் நாள் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

தேர்தலன்று நீங்கள் எங்கள் வட்டாரச் சாவடிக்குத் தலைமை அதிகாரி. அஞ்சலை நல்ல நீலச் சேலை கட்டி, தலையைப் படிய வாரி, எனக்கு முன்னால் நின்றார். குமாஸ்தா பட்டியலைப் புரட்டிவிட்டு உங்களிடம் தள்ளினார். அந்த முகவரியில் 'அர்ஜுனன், ஆண்' என்று இருந்தது. நீங்கள் சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள். அலுவலகத்தில் யாரோ தப்பாக அடித்துவிட்டார்கள்.

"இந்த அய்யாதானே என் ஃபாரத்த எழுதினாரு! அவரையே கேளுங்க!" என்று அஞ்சலை சிரித்தார். உங்களைப் பார்த்ததில் அவருக்கு அவ்வளவு நிம்மதி.

நீங்கள் தலையைத் தூக்கவில்லை. "பட்டியல்ல பேரு இல்லம்மா. போட முடியாது" என்றீர்கள்.

"என்னங்கய்யா, உங்களுக்குத் தெரியாதா நான் யாருன்னு?"

"அடுத்தவங்க வாங்க."

அடுத்து நின்றவள் நான். என் பெயர் சரியாக இருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, அஞ்சலை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். செருப்பை ஏன் கழற்றினார்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வீட்டில் உங்களோடு சண்டை போட்டேன். நினைவிருக்கிறதா? "நானே விதிய மீறினா, நாளைக்கு இன்னொரு அதிகாரி காசு வாங்கிட்டு நூறு பேர உள்ள விடுவான். அவனை நான் எப்படிக் கேக்குறது?" என்றீர்கள். நீங்கள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் கோபம் போகவில்லை, அண்ணா.

மறுபடி இரண்டு முறை அந்தப் பரிந்துரையை அனுப்பினீர்கள். பிறகு வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பினீர்கள். அங்கே உங்களை 'அரசாங்கத்து ஆள்' என்றார்கள். அரசாங்கத்திலோ 'புத்தகம் படித்துக் கெட்டுப்போன வாத்தியார்' என்றார்கள். உங்கள் தலைமுடி இரண்டே வருடத்தில் நரைத்துப்போனது. நெஞ்சுவலியை யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். எதையுமே சொல்லாமல் வைத்துக்கொள்வதில் அப்படி என்ன பெருமை உங்களுக்கு?

இப்போதைய செய்தி இதுதான். அந்த விதியை மாற்றிவிட்டார்கள். சுற்றறிக்கையை என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள், தேர்தல் வேலைக்கு எங்களைப் போடுவதால். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு பத்தியில் நின்றுவிட்டேன். நான் தட்டச்சு செய்த அதே வாக்கியங்கள். நீங்கள் மூன்று தடவை அடித்துத் திருத்திய அந்த நீளமான வாக்கியம்கூட அப்படியே இருக்கிறது. கீழே வேறொருவர் கையெழுத்து. உங்கள் பெயர் எங்கும் இல்லை.

நேற்று அதை எடுத்துக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போனேன். புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறிவிட்டார். பெரிய மகள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். பெயரைத் திருத்தும் படிவத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"ஓட்டுப் போடறது இப்ப கட்டாயம்னு சொல்றாங்க டீச்சர். அன்னிக்கு வந்தவள விரட்டினாங்க. இன்னிக்கு வரலேன்னா குத்தம்ங்கிறாங்க. நல்லா இருக்கு லா நியாயம்!"

"விதிய மாத்திட்டாங்கம்மா. மாத்தச் சொல்லி எழுதினது எங்க அண்ணன்தான். உங்களுக்காகத்தான் எழுதினாரு."

"எனக்காகவா? எனக்கு என்ன தெரியும்? எங்கிட்ட சொன்னாரா?" நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். "அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, 'அஞ்சல, தப்பு எங்க மேல'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அடுத்த தேர்தலுக்கு முதல் ஆளா நின்னிருப்பேன்."

பதினோரு பக்கம் எழுதினீர்களே அண்ணா! அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உங்களுக்குத் தெரியவில்லையா? அப்போது அவர் வீடு பத்து நிமிட நடை தூரம்தானே?

"தப்பு எங்க மேலதான். அவருக்காக நான் சொல்றேன்" என்றேன். அஞ்சலை எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். படிவத்தை வாங்கிக்கொள்ளவில்லை. "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அம்மாவை வற்புறுத்த வேண்டாம் என்று மகள் எனக்குக் கண்ணாலேயே ஜாடை காட்டினாள்.

வரப்போகும் தேர்தலில் எனக்கும் சாவடி வேலை போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். விதியை நானும் மீறமாட்டேன். ஆனால் யாரையாவது திருப்பி அனுப்ப நேர்ந்தால், எழுந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து, தப்பு யாருடையது என்று சொல்லித்தான் அனுப்புவேன். அன்று மாலையே அவர் வீட்டுக்கும் போவேன்.

உங்கள் மேல் இன்னும் கோபமாகவே இருக்கும்,
உங்கள் தங்கை ஸ்டெல்லா