மேலே வரச் சொல்லும் மணி

மதிப்பிற்குரிய சுக்கான் அண்ணனுக்கு,

நீங்கள் மேலே சுக்கான் பிடித்த படகில், கீழே எஞ்சின் அறையில் வேலை பார்த்தவரின் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் நலம். அங்கே உங்கள் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். உங்களை மட்டும் நலமா என்று கேட்கவில்லை. உங்கள் மகளிடம் போனில் பேசினேன். அப்பா போனைக் கையில் வாங்கவே மாட்டேன் என்கிறார் அத்தை என்று சொன்னாள். தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கம் போவதில்லையாம். குளிக்க வாளியில் தண்ணீர் வைத்தால், அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடிவிடுகிறீர்களாம். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

நமக்கு வேறு படகு கிடைத்துவிட்டது. மழைக்கு முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது.

பழைய படகு மூழ்கிப்போன பிறகு ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் பஸ் பிடித்து, எங்கெங்கோ சுற்றி, போய்ச் சேரும்போது எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோகும். என் மகள் அக்கரையில் துணிக்கடையில் நிற்கிறாள் அல்லவா, அவள் கூட வேலை செய்யும் பெண்ணின் அறையிலேயே தங்கிவிட்டாள். வீட்டில் நான் மட்டும். தனியாக இருந்தால் காது கூர்மையாகிவிடுகிறது அண்ணா. குழாய் சொட்டினால்கூடக் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கதவைப் பார்ப்பேன்.

அலுவலகத்தில் படகு தேடிய கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதலில் பார்த்த படகுக்கு அடிப்பாகம் ஆழம். நம் முகத்துவாரத்து மணலில் தட்டி நின்றுவிடும் என்று விட்டுவிட்டார்கள். அடுத்தது பணக்காரர்கள் விருந்துக்குப் போகிற படகு. உள்ளே மெத்தை, கலர் விளக்கு. நம் டிக்கெட்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் மீன் கூடையை இறக்கினால் மெத்தை மயக்கம் போட்டு விழுந்துவிடும் என்றாராம். அதற்கப்புறம் கிடைத்ததுதான் இது. எங்கோ பாலம் கட்டிவிட்டார்கள். பாலம் வந்ததும் அங்கே ஓடிய படகுக்கு வேலை போய்விட்டது. கரையேற்றிக் கட்டைகள் மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். பார்க்கப் போகிறவர்களோடு, செத்தவர் குடும்பத்திலிருந்தும் ஒருவர் போகட்டும், பின்னால் பேச்சு வரக்கூடாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். செத்தவர் குடும்பம் என்றால் நான்தான். அன்றைக்குப் போனது ஒரே ஓர் ஆள்தானே.

படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பெருக்கவும் துடைக்கவும் தெரியும். மற்றவர்கள் மேலே நின்று பலகையையும் பெயின்ட்டையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஏணி வழியாக எஞ்சின் அறைக்குள் இறங்கினேன். எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் கூடு. பழைய எண்ணெய் வாசனை மட்டும் இருந்தது. அவர் சட்டையைத் துவைக்கும்போது வருமே, அதே வாசனை. நல்ல பகல். மேலே திறந்திருந்த மூடி வழியாக வெயில் ஒரு பாய் அளவுக்கு விழுந்துகிடந்தது. கடையில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போம் இல்லையா, விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கத்தில் சுவரோரம் ஓடிய குழாயை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன்.

குழாய் திரும்பத் தட்டியது. ஒன்று. கொஞ்சம் விட்டு, சின்னதாக இன்னொன்று.

அந்தச் சின்னத் தட்டு எது என்று உங்களுக்குத் தெரியும். மணி பாஷையை உங்களுக்கே நான் சொல்லித்தருவது கூத்துதான். ஆனாலும் கல்யாணமான புதிதில் அவர் எனக்குப் பாடம் மாதிரி ஒப்பித்தது மறக்கவில்லை. மேலே அண்ணன் கயிற்றை இழுத்து ஒரு மணி அடித்தால் முன்னே, இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் பின்னே. விடாமல் ஆட்டினால் வேலை முடிந்தது, மேலே வா. கேட்டுவிட்டேன் என்பதற்கு அவர் ஸ்பேனரால் குழாயில் அத்தனை தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டுக் கடைசியில் மெதுவாக ஒன்று சேர்ப்பார். உன் வீட்டுக்காரன் பதில் சொல்லும்போதுகூடக் கொசுறு போடுகிறான் என்று நீங்கள்தான் அதற்குப் பேர் வைத்துச் சிரித்தீர்கள். வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவார். எஞ்சின் சத்தத்தில் காது பாதி போன மனுஷன். நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் சாப்பிட வர மாட்டார். தட்டைக் கரண்டியால் விடாமல் அடித்தால்தான் எழுந்து வருவார். மணிக்கு மட்டும் அவருக்குக் காது இருந்தது.

பயப்பட்டேனா என்று கேட்டால், இல்லை. ஏணியில் ஏறி மேலே வந்து, இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பார்க்க வந்த களைப்பில் அவர்களுக்கும் சரி என்றிருந்தது. இதை இதுவரை மகளிடம்கூடச் சொல்லவில்லை.

எஞ்சின் புதிது. மேலே இருந்தே ஒரு பிடியைத் தள்ளி ஓட்டிவிடலாம். கீழே ஆள் வேண்டாம். புதிதாக வந்த சுக்கான்காரர் சின்ன வயது, சாதுவான பையன், சீருடை மடிப்புக் கலையாமல் வருவார். ஆனால் இந்தப் படகிலும் இருந்த பழைய மணியையும் கயிற்றையும் யாரும் கழற்றவில்லை. அவர் அந்தக் கயிற்றில் சாப்பாட்டுப் பையை மாட்டி வைத்திருந்தார். முதல் நாள் துறையை விட்டுக் கிளம்பும்போது அலையில் பை ஆடி, மணி ஒரு தடவை அடித்தது. கீழேயிருந்து பதில் வந்தது. அவர் யாரோ ரிப்பேர்காரன் உள்ளே மாட்டிக்கொண்டான் என்று நினைத்துப் படகை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்திருக்கிறார். யாரும் இல்லை. மேலே போய், வேண்டுமென்றே மூன்று மணி அடித்தார். மூன்று தட்டு வந்தது. பிறகு கொசுறு.

படகைக் கழுவித் துடைக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்; அப்போது பின்பக்கம் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தேன். முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தார்.

"அக்கா, கீழ யாரு இருக்கா?"

"வேலைல இருக்காரு," என்றேன்.

அவர் திரும்பிப் போய்ச் சுக்கானைப் பிடித்தார். மறுநாளிலிருந்து சாப்பாட்டுப் பையைக் காலடியில் வைத்துக்கொள்கிறார். கிளம்பும்போது ஒரு மணி அடிக்காமல் கிளம்புவதில்லை.

ஊரில் விஷயம் பரவாமல் இருக்குமா? ஆட்கள் ஏற மாட்டார்கள் என்று டிக்கெட்காரர் பயந்தார். நடந்தது வேறு. கூட்டம் கூடிவிட்டது. அவர் கீழே இருக்கும்போது நமக்கு என்ன பயம் என்கிறார்கள். கைப்பிள்ளைக்காரிகள் அவர் இருக்கிற இடத்துக்கு நேர் மேலாகப் பார்த்து உட்காருகிறார்கள். அந்த இரும்பு மூடியை மட்டும் யாரும் மிதிப்பதில்லை. மகளும் திரும்பி வந்து தினம் இதில்தான் போகிறாள். அவளுக்கு இதில் நம்பிக்கை இல்லை. இரும்பு சூடானால் சத்தம் போடும், அதற்கெல்லாம் கதை கட்டாதே அம்மா என்கிறாள். ஆனால் மூடிக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தை அந்த இரும்பின் மேல் வைத்துக்கொண்டே அக்கரை வரை போகிறாள்.

எல்லாருக்கும் நிம்மதி அண்ணா. எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தது. காலையில் படகைக் கழுவப் போகும்போது, புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவள் மாதிரி வேகமாக நடப்பேன். கீழே இறங்கிக் குழாயைத் தட்டிவிட்டு, மகளைப் பற்றி, ஒழுகுகிற கூரையைப் பற்றி எல்லாம் சொல்வேன்.

அப்புறம்தான் ஈரத்தைக் கவனித்தேன். எஞ்சின் அறைத் தரை காய்ந்துதான் இருக்கும். ஆனால் துணியால் துடைத்துப் பிழிந்தால் தண்ணீர் வரும். வாளி நிறைகிற அளவுக்கு வரும். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. மெக்கானிக் வந்து மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை, நீங்கள் வாளியைக் கடலில் முக்கினீர்களா என்று கேட்டார். குழாயைத் தொட்டால், பக்கத்திலேயே எஞ்சின் கொதிக்கும்போதும், அது மட்டும் சில்லென்று இருக்கிறது. ஆழத்தில் கிடக்கும் பொருளைத் தொட்ட மாதிரி.

இப்போது பதில் தாமதமாக வருகிறது. முன்பெல்லாம் மணி அடித்த கையோடு வரும். இப்போது மணி அடித்த பிறகு சுக்கான்காரர் என் முகத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். தூரத்திலிருந்து கையை இழுத்து இழுத்துத் தூக்குகிற மாதிரி ஒரு தட்டு வரும். சென்ற வாரத்திலிருந்து கொசுறு வருவதில்லை. அது இல்லாமல் கேட்கும்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அவர் ஓய்ந்துவிட்டார் அண்ணா. ஆனால் வேலையை விட்டு எழுந்திருக்க மாட்டார். மேலே வா என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே.

நான் சொல்லிப் பார்த்தேன். படகு துறையில் கட்டியிருக்கும்போது சுக்கான்காரரிடம் கேட்டுக் கயிற்றை வாங்கி, தோள்பட்டை இற்றுப்போகும் வரை ஆட்டினேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டார் என்று நினைத்துக் கயிற்றை விட்டேன். விட்டதும் ஒரு தட்டு வந்தது. முன்னே என்கிறார். கட்டியிருக்கும் படகை முன்னே செலுத்துகிறேன் என்கிறார். சுக்கான்காரரும் ஆட்டிப் பார்த்தார். அதே பதில்தான்.

உங்களுக்கு நினைவிருக்கும், ஒரு தடவை துறையில் படகைக் கட்டுகிற ஆள் விளையாட்டுக்காக, நடுவழியில் உங்களுக்குத் தெரியாமல் அந்த மணியை விடாமல் ஆட்டினான். இவர் மேலே வரவே இல்லை. பிறகு நீங்கள் கேட்டதற்கு, அது அண்ணன் கை இல்லை என்று எனக்குத் தெரியாதா என்றாராம். வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னார். அவருக்கு என் கையைச் சாப்பாட்டுத் தட்டில் தெரியும், உங்கள் கையை மணியில் தெரியும். வேறு யார் கையையும் அவர் நம்ப மாட்டார்.

அன்றைக்கு நடந்ததைக் கரையேறியவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து சொன்னார்கள். எல்லாரும் ஒன்றுதான் சொன்னார்கள். தண்ணீர் உள்ளே வந்த பிறகும் எஞ்சின் நிற்கவில்லை, அதனால்தான் நீங்கள் படகை மணல்மேட்டில் கொண்டுபோய் ஏற்ற முடிந்தது, அதனால்தான் எல்லாரும் குதித்துப் பிழைத்தார்கள். நீங்கள் ஒவ்வொரு மணி அடித்தபோதும் கீழே பதில் வந்ததாம். பிறகு நீங்கள் சுக்கானை விட்டு வந்து, பிள்ளைகளை இரண்டு இரண்டாகத் தூக்கி வெளியே கொடுத்தீர்களாம். கடைசிப் பிள்ளையோடு நீங்கள் இறங்கியதும் படகு மணலிலிருந்து நழுவி ஆழத்துக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கடவுள் உங்களுக்குக் கொடுத்தது இரண்டு கைதானே அண்ணா. இரண்டிலும் பிள்ளைகள் இருந்தால் கயிற்றை எந்தக் கையால் பிடிப்பீர்கள்?

அந்தப் பிள்ளைகள் இப்போதும் படகில் வருகிறார்கள். ஒரே கத்தல். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அதனால் ஒரு தடவை வாருங்கள். ஒரே ஒரு தடவை. கடலில் போக வேண்டாம். படகு துறையில் கட்டியிருக்கும்போது வந்தால் போதும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன். பலகையில் ஏறும்போது மட்டும் காலைத் தூக்கி வையுங்கள். சுக்கான் அறையில் கயிற்றை உங்கள் கையில் கொடுத்துவிடுவேன். நீங்கள் வழக்கமாக ஆட்டுகிற மாதிரி ஆட்டினால் போதும்.

மேலே எப்படி வருவார், என்னவாக வருவார் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்றுமே வராமல் போகலாம். கயிற்றை விட்ட பிறகு குழாய் சும்மா இருந்தால் போதும். அந்த அமைதியை நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அதற்கப்புறம் படகில் கூட்டம் குறைந்தால் குறையட்டும். ஊர் பழகிக்கொள்ளும்.

இன்னொன்றும் எழுத வேண்டும், எழுதலாமா என்று தெரியவில்லை. வாளியை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, நீங்களும் இன்னும் அந்தச் சுக்கான் அறையில்தான் நிற்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அன்றைக்கு உங்களுக்கும் யாரும் அந்த மணியை ஆட்டவில்லை. அவருக்கு ஆட்டி முடித்ததும் கயிற்றை என் கையில் கொடுங்கள். என் கை அவரிடம்தான் செல்லுபடியாகவில்லை. உங்களுக்கு நான் ஆட்டுகிறேன். நீங்கள் படியிறங்கிக் கரையில் கால் வைக்கும் வரை விடாமல் ஆட்டுகிறேன்.

நீங்கள் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். என்றைக்கு வருகிறீர்கள் என்பதை மட்டும் உங்கள் மகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கீழே வேலையில் இருப்பவரின் மனைவி