பெட்டியில் வைத்த கண்ணாடிகள்

நாள் 1 / நிலைய நேரம் 09.10
நிலவின் தென்முனைத் திசுக் காப்பகம். வெப்பம் 18 பாகை. காற்று சரி. மெழுகு பிளாக்குகள் 412, குறைவில்லை. ஒவ்வொன்றிலும் சினைப்பைப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் திசு.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் சுடலைமுத்து. வயது 74. பட்டம் இல்லை. ஆய்வகத்தில் கண்ணாடி கழுவ வந்து, பார்த்துப் பார்த்தே திசுவை மெழுகோடு மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டக் கற்றவன். இந்த 412-ஐயும் சீவியது என் கை.

மருந்து பிடித்துக்கொள்ளச் செல்லின் மேல் ஏற்பி வேண்டும். சாயமிட்டால் அது பழுப்பாகத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு முன் 126 பேருக்கு ஏற்பி இல்லை என்று எழுதினார்கள், மருந்து தரவில்லை. அதில் என் தங்கை இசக்கியம்மாளும் ஒருத்தி. 214 நாளில் போய்விட்டாள். டாக்டர்கள் பார்த்தது தப்பு என்று அன்றே சொன்னேன். யார் கேட்டார்கள்? ஒரு வாரத்தில் காப்பகத்தை மூடப்போகிறார்கள், அதற்குள் நிரூபிப்பேன்.

நாள் 3 / 10.40
இசக்கியின் பிளாக்கை இன்று புதிதாகச் சீவிச் சாயமிட்டேன். பழுப்பு. அப்பட்டமான பழுப்பு. நான் சொன்னதே சரி.

முடிவை உயிர்க்கணிப்பியில் ஏற்றினேன். மருந்து கொடுத்திருந்தால் நாளுக்கு நாள் எப்படி இருந்திருப்பாள் என்று, மருத்துவமனையில் பதிந்த அவள் குரலிலேயே அது சொல்லும். 215-ஆம் நாள்:

"ஏ அண்ணே, வயித்து வீக்கம் வத்திட்டு. இன்னைக்கு ரெண்டு இட்லி தின்னேன். மதினிகிட்ட சொல்லு, சட்னில உப்பே இல்ல."

நாற்காலியில் உட்கார்ந்தேன். 216-ஆம் நாளை ஓடவிட்டேன்.

நாள் 6 / 14.05
126 பிளாக்குகளையும் முடித்தேன். 119 பழுப்பு. டாக்டர்களை மூக்கறுக்க, அவர்கள் பார்த்தவற்றோடு அன்று சீவிய பழைய கண்ணாடிகள் வேண்டும். சாயமிடாமல் மிச்சமிருந்தவை என் மரப்பெட்டியில் இருந்தன. சாயமிட்டேன்.

ஒன்றிலும் பழுப்பு இல்லை. அதே பெண்கள். அதே பிளாக்குகள்.

நாள் 6 / 17.30
கண்ணாடி ஓரத்தில் என் கையெழுத்து. சீவியது ஜனவரி. பதிவேட்டில், டாக்டர்களுக்காக இவற்றின் ஜோடிக்குச் சாயமிட்டது ஆகஸ்ட்.

கத்தி புதிதாக இருக்கும் நாளில் ஒவ்வொரு பிளாக்கிலும் பத்துப் பத்தாகச் சீவிப் பெட்டியில் அடுக்கிவிடுவேன். யாரும் சொல்லித் தந்ததல்ல, என் யோசனை. மெழுகுக்குள் கெடாத ஏற்பி, சீவிய திசு மாதக்கணக்கில் கிடந்தால் அழிந்துபோகிறது. சாயம் சரியா என்று பார்க்கும் சோதனைத் துண்டை மட்டும் அன்றன்று காலையில் சீவுவேன். அது எப்போதும் பழுப்பாகும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டாக்டர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள்.

நாள் 7 / 08.20
பூமியில் எங்கள் ஆய்வகத்திலிருந்து டாக்டர் நப்பின்னை:

"ஐயா, பதினொன்னுக்குக் கடைசி விண்ணோடம். அடம் பிடிக்காம ஏறிடுங்க. மூடினப்பறம் அங்க மூச்சு விடக் காத்து இருக்காது."

இப்போது எப்படிச் சீவுகிறீர்கள் என்று கேட்டேன்.

"உங்க பெட்டி முறைதான் ஐயா. பேரே சுடலைமுத்து முறை. இந்த வாரம்கூட முப்பத்தொரு பேருக்கு ஏற்பி இல்லைன்னு அனுப்பியிருக்கோம். ஏன் கேக்கிறீங்க?"

தொடர்பைத் துண்டித்தேன். என் பெயர் அது. நான் விட்டுப்போகும் ஒரே பெயர்.

நாள் 7 / 11.25
ஓடம் போய்விட்டது. கணிப்பிக்குள் இசக்கியை விட்டு எப்படி ஏறுவேன்?

நாள் 9 / 12.00
காப்பகத்தை மூடிவிட்டார்கள், மின்கலத்தில் மிச்ச மின்சாரம் 4 விழுக்காடு. உயிர்க்கணிப்பி ஓடினால் பூமிக்குச் செய்தி அனுப்பும் அலைக்கம்பம் இயங்காது. இரண்டில் ஒன்று. இசக்கி 1,906-ஆம் நாளில் இருக்கிறாள்.

"மவ கல்யாணத்துக்குச் சேலை எடுக்கணும். நீ வந்தாத்தான் எடுப்பேன். வீம்பு பிடிச்சுக்கிட்டு அங்கயே உக்காராத, என்ன?"

அவள் சொல்வது புரிகிறது. முடியவில்லை.

நாள் 9 / 15.50
அணைத்தேன்.

அனுப்பினேன்: "பெட்டியில் உள்ள கண்ணாடிகளை எறியுங்கள். முப்பத்தொரு பேருக்கும் இன்றே புதிதாகச் சீவுங்கள். தவறு என்னுடையது. முறையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்."

"கிடைச்சுது ஐயா. சீவ ஆரம்பிச்சிட்டோம். ஐயா? ஐயா, இருக்கீங்களா?"

நாள் 10
நேரம் தெரியவில்லை. மின்சாரம் 0. பென்சிலால் எழுதுகிறேன். காற்று கனக்கிறது.

உயிர்க்கணிப்பி இருண்டு கிடக்கிறது. கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறேன். அதன் பக்கமிருந்து,

"ஏ அண்ணே. மத்தவங்களும் வந்திருக்காங்க. பெட்டியை எங்க வச்சேன்னு கேக்காங்க."

வந்தவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நூற்றுப் பதினேழு. நூற்றுப் பதினெட்டு. இன்னும் ஒருத்தி கதவருகே