இல்லாத ஹாலின் வெளிச்சம்

நீ போன செய்தி வந்து பதினோரு நாள் ஆகிறது. மாரடைப்பு என்றாள் உன் தங்கை. நாற்பத்தைந்து வயதில் என்ன மாரடைப்பு என்று போனிலேயே அவளிடம் கத்திவிட்டேன். நேற்று பீரோவை ஒழித்தபோது, சுருட்டி வைத்திருந்த பெரிய பிரிண்ட் ஒன்று உருண்டு விழுந்தது. விரித்தேன். வரிசையாகத் தையல் மெஷின்கள், ஜன்னல் வழியே காலை வெயில், சுவரோரம் சிவப்பு பனியன் குவியல். எந்தக் கம்பெனியில் எடுத்த போட்டோ இது என்று ஒரு நொடி யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது, அப்படி ஒரு ஹாலே கிடையாது. நீயும் நானும் கம்ப்யூட்டரில் செய்தது. செய்தவனே ஏமாந்துபோய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாயிரத்தாறோ ஏழோ இருக்கும். என் மாமாவின் பனியன் கம்பெனி மாடியில் நாம் இருவர், ஒரு கம்ப்யூட்டர். நான் அவர் தயவில் அனிமேஷன் படித்து வந்தவன். நீ சங்கரன்கோவில் பக்கமிருந்து தங்கையோடு பிழைக்க வந்து, சாயப்பட்டறையில் துணியின் நிறம் சரியா என்று ஷேடு பார்த்துவிட்டு டிசைன் வேலைக்கு மாறியவன். மங்கலம் ரோட்டில் கட்டப்போகிற புது ஹாலைப் படமாகச் செய்யச் சொன்னார் மாமா. "கேட்லாக்குக்குத்தான் கண்ணு, நெசமாட்ட இருக்கோணும்" என்றார்.

நிஜம் மாதிரி வரவே இல்லை. எத்தனை ட்யூப்லைட் போட்டாலும் தரை இருட்டாகவே கிடந்தது. நான் நாற்பது விளக்கு சேர்த்தேன். ஒவ்வொரு மெஷினுக்கும் நாலு பக்கம் நிழல் விழுந்து, எல்லாம் அந்தரத்தில் மிதப்பது போலிருந்தது. நீ வந்து ஒவ்வொரு விளக்காக அணைத்தாய். பிறகு படத்துக்குள் மேசை மேலிருந்த டி-ஷர்ட்டை அளந்து பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தாய்.

"இருவத்தெட்டு அடி! யாருக்குல இந்தச் சட்டை, ஐயனாருக்கா?"

பேட்டர்ன் மாஸ்டர் அங்குலத்தில் கொடுத்த அளவை நான் அடியாக ஏற்றி, அந்தச் சட்டைக்குத் தகுந்தபடி ஹாலையும் வளர்த்து வைத்திருந்தேன். பன்னிரண்டு மடங்கு பெரிய ஹாலில் பாவம் ட்யூப்லைட் என்ன செய்யும்? சுருக்கியதும் வெளிச்சம் தரைக்கு வந்துவிட்டது.

அதிலும் உனக்குத் திருப்தியில்லை. "வெளிய கொண்டுபோய் வெயில்ல பாக்காம ஓகே சொல்லக்கூடாது" என்பது உன் சாயப்பட்டறைப் பழக்கம். நிஜ வெளிச்சத்தைக் காட்ட, பட்டப்பகலில் என்னை மாமாவின் பழைய தையல் ஷெட்டுக்கு இழுத்துப்போனாய். தகரக் கூரை, நூறு பேருக்கு ஒரே வாசல். உள்ளே உன் தங்கை ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். சிவப்புத் துணியோரம் சுவரும் லேசாகச் சிவந்திருப்பதைக் காட்டினாய். பஞ்சு படிந்த ட்யூப்லைட்டுகளில் இரண்டுகூட ஒரே நிறத்தில் எரியவில்லை என்பதைக் காட்டினாய். திரும்பி வந்து, படத்தில் ஓரமாக இருந்த ஒரு ட்யூப்லைட்டை மட்டும் மங்கலாக்க அரை நாள் மெனக்கெட்டாய். "புது ஹால் வந்தா தங்கச்சி மூச்சு விடுவா மாப்ள" என்று சொல்லிக்கொண்டே செய்தாய்.

பனியனுக்கு ஆர்டர் கொடுக்கும் பையரின் ஆள் சென்னையிலிருந்து வந்தார். பழைய ஷெட்டில் தைத்தால் ஆர்டர் கிடையாது என்பது அவர்கள் நிபந்தனையாம். மாமா நம் பிரிண்டை மேசையில் விரித்தார்.

"இந்த போட்டோ எப்ப எடுத்தது?"

"போன மாசமுங்க. அந்த ஓரத்து ட்யூப்லைட்டை மாத்தச் சொல்லியிருக்கேனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்லாக் என்றவர் இவர்தானா? நீ மட்டும் வாய் திறந்தாய். "சார், இது போட்டோ இல்ல. நாங்க கம்ப்யூட்டர்ல செஞ்சது. அங்க வெறும் அஸ்திவாரக் குழிதான் கெடக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி."

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டோதானுங்க சார். நானே எடுத்தனுங்க."

என் வாயிலிருந்தா அது வந்தது என்று இன்றைக்கும் நம்ப முடியவில்லை. உன் முகத்தில் கோபம்கூட இல்லை. "நீயா மாப்ள?" என்று மட்டும் கேட்டாய். படியிறங்கிப் போனாய். மறுநாள் தங்கையையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டாய்.

ஆர்டர் வந்தது. குழி நாலு வருடம் குழியாகவே கிடந்தது. ஷெட்டில் உன் தங்கையின் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு நாம் பேசவே இல்லை. நான்தான் பேசவில்லை, வெட்கம். உன் போனில் என் நம்பர் இருந்ததால்தான் உன் தங்கை என்னை அழைத்தாளாம். நீ அதை அழிக்காமல் வைத்திருந்தாய் என்பதை என்னால் தாங்க முடியவில்லையடா.

இப்போது கட்டடக்காரர்களுக்கு வீட்டுப் படங்கள் செய்து கொடுக்கிறேன். வெயில் நன்றாக விழுந்துவிட்டால் யாராவது குனிந்து பார்த்து, "இது போட்டோங்களா?" என்பார்கள். கேட்டு முடிக்கும் முன்பே அவசரமாகச் சொல்லிவிடுகிறேன்: "இல்லீங்க, கம்ப்யூட்டருங்க. அங்க இன்னும் ஒண்ணுமே கட்டலீங்க." அவர்களுக்கு என் பதற்றம் விளங்குவதில்லை. அந்தப் பதிலை நான் ஒரே ஒரு முறை, உன் பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால் போதும்.