எழுபத்தைந்துக்குக் கீழே

மார்ச் 5, செவ்வாய்

எண்பத்திரண்டு. நேற்றும் அதே, போன வாரமும் அதே. எடை மெஷினைக் குளியலறை வாசலுக்கு மாற்றி வைத்துப் பார்த்தேன். காதுத் தோட்டைக்கூடக் கழற்றிவிட்டு ஏறினேன். எண்பத்திரண்டுதான். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம். அம்மி இந்நேரம் தெருக்கோடிக்கே போயிருக்கும், இந்த முள் அசைய மாட்டேன் என்கிறது.

கிட்னி டாக்டர் அன்றைக்குச் சொன்னதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. என் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்துகிறது. பொருந்தாதது என் எடை மட்டும்தான். "எழுபத்தஞ்சுக்குக் கீழ வாங்கம்மா, மறுநாளே தேதி குடுக்கறேன். இந்த எடையில உங்க மேல கத்தி வைக்க மாட்டேன். ஒருத்தரைக் காப்பாத்தறேன்னு இன்னொருத்தரைப் படுக்க வைக்கக் கூடாது."

அன்றிலிருந்து தினமும் காலையில் பூங்காவைச் சுற்றி நடை. இனிப்பு கிடையாது, பொரித்தது கிடையாது, இருட்டுவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். தம்பி வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு படுத்து எழுந்து வருகிறான். அவன் இளைத்துக்கொண்டே போகிறான். இளைக்க வேண்டியவள் நான்.

மார்ச் 6, புதன்

எண்பத்திரண்டு. இனி தினமும் ஏறுவதில்லை. சனிக்கிழமை மட்டும்.

மார்ச் 14, வியாழன்

புதிதாக ஒரு மாணவர் சேர்ந்திருக்கிறார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கிளட்ச்சை மெதுவா விடுங்க சார் என்றால் ஏன் என்று கேட்கிறார். காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. என் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை இன்று மிதித்த மிதியில் அந்த ஒரு கால் மட்டுமாவது இளைத்திருக்க வேண்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு வேறு என்ன உடற்பயிற்சி இருக்கிறது? அடுத்தவர் ஓட்ட, நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறேன். அதனால் இரண்டு வகுப்புக்கு நடுவே கட்டடத்தைச் சுற்றி வர ஆரம்பித்திருக்கிறேன்.

மத்தியானம் தம்பி கொடுத்தனுப்பிய சூப். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் பெரிய ஓட்டலில் சமையல்காரனாக இருந்தவன். இப்போது வீட்டில் இருக்கிறான், சமையல் அவன் பொறுப்பு. அவனால் சாப்பிட முடியாததையெல்லாம் எனக்காகச் சமைக்கிறான். காலிஃபிளவரை அரைத்து, மிளகும் பூண்டும் போட்டு ஒரு சூப் வைக்கிறான் பாருங்கள், பத்தியச் சாப்பாடு என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ரிசப்ஷன் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, "இப்படி டயட் இருக்கறதா இருந்தா நானும் இருப்பேங்க்கா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச் 23, சனி

எண்பத்து மூன்று.

ஏறியிருக்கிறது! குறையவில்லை என்றால் ஒரு நியாயம் உண்டு. ஏறுவதற்கு என்ன நியாயம்?

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரைப் பார்த்தேன். காலையிலிருந்து என்னென்ன சாப்பிடுகிறேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு மென்மையாகச் சிரித்தார். "இவ்வளவுதான் சாப்பிட்டா இளைக்காம இருக்கவே முடியாதும்மா. நடுவுல, மறந்தாப்பல ஏதாவது... யோசிச்சுப் பாருங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் பொய் சொல்றேனாம். கூடப் பொறந்தவன் உயிர் ஊசலாடும்போது நான் பீரோவுக்குப் பின்னாடி நின்னு பிஸ்கட் தின்னேனாம். வர்ற ஆத்திரத்துல — சரி, வேண்டாம்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொல்லி அழுதேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவன் கத்தியை வைத்துவிட்டான். "விடுக்கா. அப்பா வழி உடம்பு உனக்கு. நாம என்ன பண்ண முடியும்?" என்றான். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். அவனுக்கும் அழுகை வந்திருக்கும் என்று நினைத்தேன்.

விட மாட்டேன். நாளையிலிருந்து பூங்காவை இன்னும் இரண்டு சுற்று.

ஏப்ரல் 2, செவ்வாய்

தைராய்டு உட்பட எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. எல்லாம் நார்மல். ஒரு நோயாவது இருந்திருக்கலாம், மாத்திரையோடு போயிருக்கும். எந்தக் குறையும் இல்லாத பூசணிக்காய் நான்.

ஆபீஸ் நாலாவது மாடி. இன்றிலிருந்து லிஃப்டுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஏப்ரல் 11, வியாழன்

தம்பிக்குக் குளிர் ஜுரம். டயாலிசிஸ் குழாய் போட்ட இடத்தில் கிருமி. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். பத்து நாளாவது ஆகுமாம்.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "தள்ளிப் போடற ஒவ்வொரு மாசமும் அவருக்கு நஷ்டம்மா" என்றார். தள்ளிப் போடுவது நான் அல்ல, என் உடம்பு. ஆனால் என் உடம்பு நான் இல்லாமல் வேறு யார்?

வீட்டில் நானே சமைத்தேன். காய்களை வேக வைத்து உப்புப் போட்டேன். ஒரு பாதி தீய்ந்தது, ஒரு பாதி வேகவே இல்லை. நாய்கூட யோசித்துத்தான் வாய் வைக்கும்.

ஏப்ரல் 20, சனி

எண்பதரை!

மறுபடி ஏறிப் பார்த்தேன். எண்பதரையேதான். எல்லாம் அந்தப் படிக்கட்டின் புண்ணியம். நாலு மாடியையும் கும்பிடலாம் போலிருக்கிறது.

தம்பியும் இன்று வீட்டுக்கு வந்துவிட்டான். எடையைச் சொன்னதும் அடுப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தீஞ்ச பாத்திரமா அடுக்கி வெச்சிருக்கே. நான் வந்துட்டேன்ல, இனிமே இந்தப் பக்கமே வராதே" என்றான்.

மே 4, சனி

எண்பத்திரண்டு. படிக்கட்டும் கைவிட்டுவிட்டது.

ஆனால் ஒன்று, முன்பு இரண்டாவது மாடியிலேயே நாக்குத் தள்ளும். இப்போது நாலாவது மாடிக்குப் பேசிக்கொண்டே ஏறுகிறேன். உடம்பு என்னிடம் எதையோ கற்றுக்கொள்கிறது, மெஷினுக்குத்தான் சொல்ல மறுக்கிறது. பார்க்கலாம், யார் முதலில் களைக்கிறோம் என்று.

மே 15, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று தலைமையாசிரியருக்கு லைசென்ஸ் பரீட்சை. அங்கேயே மத்தியானம் போய்விட்டது, சாப்பிட ஆபீசுக்குத் திரும்பவில்லை. ரிசப்ஷன் பெண் என் சூப் டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். இன்று எடுத்துத் திறந்தேன். சூப்புக்கு மேலே வெள்ளையாக ஒரு மூடி. விரலால் தட்டினேன், டொக்கென்றது. ஸ்பூனை வைத்துக் குத்தியதும் உடைந்து நின்றது. எட்டிப் பார்த்த ரிசப்ஷன் பெண், "அக்கா, இது வெண்ணெய்தானே?" என்றாள்.

வெண்ணெய்தான். ஒரு விரற்கடை கனத்துக்கு.

மத்தியான வகுப்பை ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். டப்பாவை அவன் முன்னால் வைத்தேன்.

"என்னடா இது?"

பார்த்தான். மழுப்பவில்லை. "வெண்ணெய்."

"எத்தனை நாளா?"

"டாக்டர் எழுபத்தஞ்சுன்னு சொன்ன நாள்லேர்ந்து. சூப்புல வெண்ணெய். சாலட்ல எண்ணெய். உன் ஓட்ஸ்ல முந்திரியை அரைச்சு ஊத்தினேன்."

"எதுக்குடா?"

"நீ இளைக்கக் கூடாதுன்னுதான்."

டப்பா மூடியை எடுத்துச் சுவரில் அடித்தேன். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். வேலியே பயிரை மேஞ்சிருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவனைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன், என் வீட்டுலயே ஒருத்தன் இருந்திருக்கான்! அந்த ஆலோசகர் முன்னாடி திருடி மாதிரி உக்காந்திருந்தேனே, அதை வந்து சொல்லி அழுதப்பவும் காயைத்தானே நறுக்கிக்கிட்டிருந்தான்? எப்படிடா மனசு வந்துச்சு?

அவன் மூடியை எடுத்துக் கழுவி வைத்தான்.

மே 16, வியாழன்

பேசவில்லை. ரொட்டியைச் சுட்டுச் சாப்பிட்டேன்.

மே 18, சனி

டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப் போனேன். இரண்டு நாளும் வாயைத் திறக்காதவன், மெஷின் ஓட ஆரம்பித்ததும் கூரையைப் பார்த்தபடி பேசினான். ஓட முடியாத இடம் என்பதால் பேசினானோ என்னவோ.

"அம்மாவுக்கும் சின்ன ஆபரேஷன்னுதான் சொன்னாங்க. காலைல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்னாங்க. நீயும் நானும் அந்தக் கதவுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தோம். ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லாமல் போகுமா?

"இப்ப எனக்காக நீ அதே மாதிரி உள்ள போகணுமா? எனக்கு மயக்கம் தெளியறப்போ யாராவது வந்து, உங்க அக்கா இல்லைன்னு சொல்லணுமா? வேண்டாம்னு நேராச் சொன்னா நீ கேப்பியா? பொறந்ததுலேர்ந்து நீ யார் பேச்சைக் கேட்டிருக்கே? எனக்குத் தெரிஞ்சது சமையல் ஒண்ணுதான். அதை வெச்சு உன்னை நிறுத்திப் பார்த்தேன்."

இரண்டு நாளாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பயமில்லை என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"எனக்கும் பயம்தான்டா," என்றேன். "பூங்காவைச் சுத்தறப்போ பாதி நேரம் அம்மா ஞாபகம்தான். ஆனா நீ இந்த மெஷின்லயே கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டேன்னா? நீ வெண்ணெய் போட்டு வளர்த்த இந்த எண்பத்திரண்டு கிலோவை வெச்சுக்கிட்டு அந்த வீட்டுல நான் தனியா என்னடா பண்றது?"

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. குழாய் அசைந்ததும் மெஷின் கத்த, நர்ஸ் ஓடி வந்து எங்கள் இருவரையும் அதட்டினார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டான்: "ஒரு நாளைக்கு எண்ணெய் எவ்வளவு போடலாம்னு அந்த டயட் அம்மா சொன்னாங்க?"

"நீ ஒண்ணும் சமைச்சுக் கிழிக்க வேண்டாம். நானே வெச்சுக்கறேன்."

"நீ சமைச்சா ஆபரேஷன் வரைக்கும் ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்."

சிரித்துவிட்டேன். கோபம் இன்னும் போகவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 1, சனி

எண்பது. அவன் சமைக்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன். கடையில் நிறுத்துக் காட்டுகிற மாதிரி ஸ்பூனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்துக்கோ, ஒண்ணுதான்" என்கிறான். அவனுக்கு அவமானமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், எனக்கும் இருந்தது.

ஜூன் 22, சனி

எழுபத்தெட்டு. போன வாரமும் எழுபத்தெட்டு, அதற்கு முந்தின வாரமும் எழுபத்தெட்டு. இப்போது வெண்ணெயும் இல்லை, பழி போட ஆளும் இல்லை. உடம்பு சும்மா அடம் பிடிக்கிறது. ஆலோசகரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சில வாரம் இப்படித்தான் நிக்கும்மா. நீங்க நிக்காதீங்க" என்றார். நிற்கவில்லை.

ஜூலை 13, சனி

எழுபத்தாறு. கொஞ்சம் தெம்பாக இருந்ததால் தம்பியும் பூங்காவுக்கு வந்தான். அரைச் சுற்றில் மூச்சு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு முறை நான் அவனைக் கடக்கும்போதும், "வேகம் பத்தலக்கா, பின்னாடி ஒரு தாத்தா வர்றாரு" என்று கத்தினான். பூங்காவே திரும்பிப் பார்த்தது. மானம் போனாலும் வேகமாகத்தான் நடந்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

ரிசப்ஷன் பெண்ணுக்குப் பிறந்த நாள். கேக். ஒரு துண்டு தட்டில் வைத்து நீட்டினாள். வாசனை மட்டும் பிடித்துவிட்டு, இன்னும் லைசென்ஸ் வாங்காத தலைமையாசிரியரிடம் தள்ளிவிட்டேன். ஏன் என்று கேட்டார். மனிதர் மாறவே இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

எழுபத்து நாலு புள்ளி ஏழு.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். "சரி" என்றான். அவ்வளவுதான். உள்ளே போய் எனக்கு ஒரு ஆப்பிளை நறுக்கிக்கொண்டு வந்தான்.

ஆகஸ்ட் 14, புதன்

ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் எங்களை எதிரே உட்கார வைத்துக் கேட்டார்கள். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று என்னிடம் கேட்டார்கள். இல்லை என்றேன். தம்பியிடம், அக்கா கொடுப்பதை வாங்கிக்கொள்ள முழுச் சம்மதமா என்று கேட்டார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இவ்வளவு தூரம் வந்து இங்கே வெண்ணெய் போடப் போகிறானா?

"பயமா இருக்கு சார்," என்றான். "ஆனா சம்மதம்."

செப்டம்பர் 18, புதன்

எழுத்து கோணலாக வருகிறது, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்று ஆபரேஷன் முடிந்தது. இருமினால் உயிர் போகிறது. தம்பி வேறொரு வார்டில் கண்ணாடி அறைக்குள் இருக்கிறான். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்காரு" என்றே சொல்கிறார்கள். அம்மா நேரத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

விடிந்ததும் அவன் வார்டு நர்ஸ் என்னைத் தேடி வந்தார். அவரைக் கண்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார்: "உங்க தம்பிக்கு மூத்திரப் பையை இப்பதான் மூணாவது தடவையா மாத்திட்டு வர்றேன்."

இரண்டு வருஷமாக அவனுக்குச் சொட்டுச் சொட்டாக வந்து, கடைசியில் அதுவும் நின்றே போயிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு," என்றார் நர்ஸ். "அக்காவோடது அக்கா மாதிரியே இருக்காம். சொன்ன பேச்சே கேக்காம ஓடிக்கிட்டே இருக்காம்."

சிரித்துவிட்டேன். அம்மாடி, என்ன வலி! சிரிக்காதீங்க, தையல் விட்டுடும் என்று அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நிறுத்த முடியவில்லை. பிறகு பார்த்தால் தலையணை நனைந்திருந்தது. ஒருத்தன் ஒன்றுக்குப் போனான் என்பதற்காக இப்படி அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் சக்கர நாற்காலியில் வைத்து அவனைப் பார்க்கக் கூட்டிப் போகிறார்களாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்க்க முடியும். பரவாயில்லை.