மாப்பிள்ளை வாசித்த மஞ்சள் தாள்

தல்மசீன்,
நவம்பர் 3

அன்புள்ள மாப்பிள்ளை ஜிலாலி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் என் தங்கை ஃபத்மாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. என் முழங்கால் முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்தது.

போன மாதம் நீங்கள் நாடாளுமன்ற அவையில் பேசியதைக் காப்பிக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். "மலைப் பிள்ளைக்கு ஒரு மொழி, தலைநகர்ப் பிள்ளைக்கு வேறு மொழியா?" என்ற இடத்தில் மேசையைத் தட்டினீர்கள். அது நான் எழுதித் தந்த பேச்சில் இல்லை. இருந்தாலும் பொருத்தமாகவே இருந்தது. மருமகன்கள் பிரெஞ்சுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிறார்களா?

இந்த முறை பேச்சு வேண்டாம், ஒரே ஒரு கேள்வி போதும். எங்கள் ஊர் மாணவியர் விடுதியை ஜனவரியில் மூடப்போகிறார்கள். மேல்மலைப் பெண் குழந்தைகள் இனிமேல் 'அருகிலுள்ள பள்ளியில்' படிக்கலாம் என்கிறது ஆணை. அந்தப் பள்ளியை நேரில் போய்ப் பார்த்தேன். சுவர் எழுப்பியிருக்கிறார்கள், கூரை போடவில்லை. விடுதி மூடினால் இந்தப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

வெள்ளைத் தாளில் கேள்வி இருக்கிறது. மஞ்சள் தாளில், அதற்கு அமைச்சர் என்ன சொல்லி மழுப்புவார் என்று அவர் குரலிலேயே எழுதியிருக்கிறேன். வெள்ளைத் தாளின் பின்பக்கம் அந்த மழுப்பலுக்கு உங்கள் மறுமொழி. மஞ்சளை வீட்டிலேயே படித்துவிட்டு வைத்துவிடுங்கள். இவ்வளவு விளக்கம் தேவையில்லையோ என்னவோ, பள்ளி ஆய்வாளராக இருந்த காலத்துப் பழக்கம் விடவில்லை.

விடுதிச் சமையல்காரி இத்தோ உங்களுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள்: "உங்க மாப்பிள்ளை எப்படியும் வாயத் தொறக்கத்தான் போறாரு. தொறக்கறதே தொறக்கறாரு, எங்களுக்காவும் ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க."

அன்புடன்,
பாஸ்ஸு அவுஸைத்

---

ரபாத்,
நவம்பர் 19

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். செவ்வாய்க்கிழமை பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் பேசி முடித்ததும் இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். எதிர்க்கட்சிக்காரன் பேச்சுக்கு ஆளும் கட்சி கைதட்டி நான் பார்த்ததில்லை. அமைச்சர் இருக்கையை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெண் கல்வி விடியலின் வாசல். அந்த வாசலை இந்த அரசு ஒருநாளும் மூடாது; இன்னும் அகலமான வாசலுக்கு அவர்களை அழைத்துச் செல்கிறது." என்ன வரி மச்சான் இது. உங்கள் தாள்களைக் காரில் போகும்போதுதான் புரட்டினேன். வெள்ளையில் ஆணை எண், தேதி, கூரை, ஓடு என்று ஒரே கணக்குவழக்காக இருந்தது. தொலைக்காட்சியில் அதையெல்லாம் யார் கேட்பார்கள்? மஞ்சளில்தான் உயிர் இருந்தது. அதையே வாசித்துவிட்டேன்.

உங்கள் ஊர்ப் பெயர் நாடு முழுக்கக் கேட்டிருக்கும். இத்தோ அம்மாவிடம் சொல்லுங்கள். ஃபத்மா ஆலிவ் எண்ணெய் கேட்கிறாள்.

உங்கள்,
ஜிலாலி பென்ஸக்கூர்
மக்கள் பிரதிநிதிகள் அவை உறுப்பினர்

---

தல்மசீன்,
நவம்பர் 27

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தவறு என் பக்கமும் இருக்கலாம். மஞ்சள் தாளின் தலையில் 'அமைச்சர் கூறக்கூடியது' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தேன். இன்னும் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் வாசித்தது அமைச்சரின் பதில். நீங்கள் பேசி முடித்ததும் பாவம் அமைச்சருக்குப் பேச எதுவும் மிஞ்சவில்லை. தம் தாளை ஒருமுறை பார்த்தார், உங்களை ஒருமுறை பார்த்தார், "மாண்புமிகு உறுப்பினருடன் நான் முழுமையாக உடன்படுகிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மறுமொழி சொல்ல உங்களுக்கு நேரம் இருந்தது. நன்றி சொன்னீர்கள். அவைத்தலைவரும் நன்றி சொன்னார். இத்தனை பேர் உட்கார்ந்திருந்த அவையில் ஒருவருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. எனக்கு அதிர்ச்சியாக இருந்தது உங்கள் தவறு அல்ல மாப்பிள்ளை, அதுதான்.

காப்பிக்கடையில் அன்று நல்ல கூட்டம். விடுதிப் பிள்ளைகளின் தகப்பன்மார் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு தூதாவின் தகப்பன் மோஹா என் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தான். "ஐயா, இதுல உங்காளு யாரு, மந்திரி யாரு?" என்று கேட்டான். காட்டினேன். "அப்ப சண்டை எப்ப ஆரம்பிக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்றிருந்த இத்தோ சொன்னாள்: "எங்க ஆரம்பிக்கும்? பாருங்க ரெண்டு பேரையும், தலையாட்டிக்கிட்டு. பொண்ணு பேசி முடிச்சுக் கை குடுத்துக்கற சம்பந்திங்க மாதிரியே இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மோஹா சிரிக்கவில்லை. "வாசல மூடமாட்டோம்னு சொன்னாங்கல்ல?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டான்.

இன்னும் நேரம் இருக்கிறது. எழுத்துமூலக் கேள்வியாகவாவது வெள்ளைத் தாளை அனுப்புங்கள். அதற்கு நீங்கள் எதையும் வாசிக்கக்கூட வேண்டாம். கையெழுத்துப் போட்டால் போதும்.

பாஸ்ஸு

---

ரபாத்,
டிசம்பர் 15

அன்பு மச்சானுக்கு,

கோபப்படாதீர்கள், உங்களுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அமைச்சர் பதிலோ என் கேள்வியோ, விஷயம் அவைக் குறிப்பில் ஏறியதா இல்லையா? நீங்கள் சிறிய ஊரில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சிறியதாகப் பார்க்கிறீர்கள். அந்த ஒரு பேச்சினால் அமைச்சருக்கும் எனக்கும் நல்ல நெருக்கம் உண்டாகியிருக்கிறது. முப்பது பெண்கள் விவகாரத்துக்காக அதைக் கெடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா? எழுத்துமூலக் கேள்வி எல்லாம் இப்போது வேண்டாம்.

நல்ல செய்தி ஒன்று. என் நாடாளுமன்றப் பணிகளைக் கட்சி புத்தகமாகப் போடுகிறது. 'எதிர்க்கட்சி வரிசையிலிருந்து: கல்வியும் பொதுக்கொள்கையும்'. கடைசி அத்தியாயமாக விடியல் பேச்சு. பேச்சுகளையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி, பிழைதிருத்தி அனுப்புங்கள். மூலப்பிரதிகள் உங்களிடம்தானே இருக்கின்றன. 'கல்விக்காகவே வாழும் ஒருவரின் சொந்தச் சிந்தனை' என்று ஒரு முன்னுரையும் எழுதிவிடுங்கள். யார் பெயரில் போடுவது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணெய் வந்தது. போன வருட எண்ணெய் இதைவிட நன்றாக இருந்தது.

ஜிலாலி

---

தல்மசீன்,
ஜனவரி 12

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பேச்சுகளை அடுக்கிப் பிழைதிருத்தி அனுப்பியிருக்கிறேன். முன்னுரை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. வயதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதியை வியாழக்கிழமை மூடினார்கள். இத்தோ பெரிய அண்டாவில் ஹரீரா சூப் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றினாள். ரொட்டி தீர்ந்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. தூதாவின் பெட்டியைக் கோவேறு கழுதையில் ஏற்றியபடி மோஹா என்னிடம் சொன்னான்: "பரவால்ல ஐயா. பெரியவங்க பேசியிருக்காங்க. தொறந்துருவாங்க." அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே நம்புகிறான். கேலி செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாஸ்ஸு

---

ரபாத்,
அக்டோபர் 8

அன்பு மச்சானுக்கு,

நீங்கள் பல மாதங்களாக எழுதவில்லை. வாழ்த்துக்கூட அனுப்பவில்லை என்று ஃபத்மாவுக்கு வருத்தம். கட்சி அரசில் சேர்ந்ததும் எனக்குக் கல்வித் துணை அமைச்சர் பதவி கிடைத்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள் என்று பேச்சு.

ஒரு அவசரம். புதிதாக வந்திருக்கும் எதிர்க்கட்சி உறுப்பினர், இஸ்ஸா உஹம்மு என்று ஒரு பெண், உங்கள் ஊர் விடுதியைப் பற்றிக் கேள்வி கொடுத்திருக்கிறாள். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் பதில் சொல்ல வேண்டும். ஆணை எண், தேதி, கூரையில்லாத பள்ளி, கடைசி ஓடு வரை எல்லாம் இருக்கிறது. இதை எழுதிக் கொடுத்தவன் யாரோ உள்விவரம் தெரிந்தவன். உங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். யார் என்று மெதுவாக விசாரித்துச் சொல்லுங்கள்.

கூடவே ஒரு பதிலும் எழுதி அனுப்புங்கள். அமைச்சர் குரல் உங்களுக்கு நன்றாக வரும்.

உங்கள்,
ஜிலாலி பென்ஸக்கூர்
கல்வித் துணை அமைச்சர்

---

தல்மசீன்,
அக்டோபர் 11

மாண்புமிகு துணை அமைச்சர் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட பதில் உங்கள் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவையில் வாசித்திருப்பதால் தடுமாற்றமும் இருக்காது. புத்தகம் கைவசம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று மஞ்சள் தாளின் படியையும் இணைத்திருக்கிறேன். தலையில் எழுதியிருந்ததை இந்த முறை பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

விசாரிக்கச் சொன்னீர்கள். அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. இஸ்ஸா உஹம்மு அம்மையார் ஆகஸ்டில் பேருந்தில் இங்கே வந்தார். வெள்ளைத் தாளின் படியை என் மேசையருகில் உட்கார்ந்தே இரண்டு தடவை வாசித்தார். "ஐயா, இந்த ஆணைத் தேதி ஒரு நாள் தள்ளி இருக்கே?" என்றார். பார்த்தேன், தள்ளித்தான் இருந்தது. இத்தனை வருடங்களில் என் பிழை ஒன்றை ஒருவர் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. நீங்கள் கண்டுபிடிக்க வாய்ப்பே இருக்கவில்லை.

பின்பக்கத்து மறுமொழியும் அவரிடம் இருக்கிறது. நீங்கள் விடியல், வாசல் என்று வாசித்து முடித்ததும் அவர் அதை வாசிப்பார். அதற்கு நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை.

இந்தக் கடிதத்தை அனுப்பலாமா என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன். என் பெயரில் எதையும் சொல்ல நான் பயந்தவன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மேடை முழுவதும் அந்தப் பயத்தின் மேல்தான் நின்றது. தபால் நிலையம் மூடுவதற்குள் போக வேண்டும், அதனால் இங்கே நிறுத்துகிறேன்.

செவ்வாய்க்கிழமை காப்பிக்கடையில் உட்கார இடம் கிடைக்காது. மோஹா தூதாவையும் கூட்டி வருகிறான். சண்டை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டால், இந்த முறை சொல்ல எனக்குப் பதில் இருக்கிறது.

எண்ணெய் தனிப் பார்சலில் வருகிறது. அது என் தங்கைக்கு.

இப்படிக்கு,
பாஸ்ஸு அவுஸைத்
ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர்