தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனை

இதில் எழுதப்போகும் விடயங்கள்:

1. நீ எந்த வேலையையும் முடிக்காமல் விடுகிறவன் என்பது.
2. உன் இறுதிக் கிரியை நாளில் நான் செய்த காரியம்.
3. அதைப் பற்றி நான் சொன்ன பொய்.

சிரிக்காதே. இலக்கம் போடாமல் எனக்கு ஒன்றும் எழுத வராது. மேசையில் ஒரு சாண் நீளக் கேபிள் துண்டு கிடக்கிறது. கதவு நசித்த இடத்தில் தோல் பிய்ந்து, உள்ளே செப்பு தெரிகிறது. நேற்று மண்டபத்தில் வெட்டி எடுத்து வந்தேன். காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் சங்க மண்டபத்துக்கு நாம் இருவரும் நெட்வேர்க் போட்டது, கவுன்சில் கணினிப் பிரிவிலிருந்து ஒன்றாக ஓய்வுபெற்ற பிறகு. மண்டபம் பாதி நிலத்துக்குள் இருப்பதால் போனில் சிக்னல் நிற்காது, கேபிள்தான் கதி. நான் கட்டத் தாளில் அளவோடு படம் வரைந்து வந்தேன். மாடி அலுவலக அறையில் ரூட்டர், அதன் பக்கத்தில் ஒரு சுவிட்ச், அதிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிக் கேபிள், நட்சத்திரம் போல. ஒன்று பழுதானால் அந்த ஒன்றுதான் போகும். நீ அந்தத் தாளில் பற்றிஸை வைத்துச் சாப்பிட்டாய்.

"ஐசே, உவ்வளவு வயருக்கும் சுவரெல்லாம் துளைக்கப் போறியே? கீழ மேடைக்குப் பின்னால இன்னொரு சுவிட்ச் வை. மேலயும் கீழயும் ஒரு கேபிளால தொடு. காணும்."

"அந்த ஒரு கேபிள் பழுதாப் போனா?"

"போகேக்க பாப்பம்."

உன் சொல்தான் நின்றது. என் சொல் எங்கே நின்றது?

வேலை முடிந்த அன்று மாடி சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு கேபிள் முனை எதிலும் செருகப்படாமல் தொங்கியது. என்ன இது என்று கேட்டேன். "தொங்கட்டும் விடு. உன்ர கண்ணுக்குள்ள குத்துதோ?" என்றாய். குத்தியது. அந்த அறைக்குப் போன ஒவ்வொரு முறையும் குத்தியது. மிச்சத் துண்டை வெட்டக்கூடப் பஞ்சிப்பட்டிருக்கிறான், சோம்பேறி என்று உன்னை நினைத்தேன். இதுதான் முதலாவது.

இனி இரண்டாவது. உன் கிரியை அதே மண்டபத்தில் நடந்தது. யாழ்ப்பாணத்தில் உன் அக்கா நோயாளி, வர ஏலாது. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். உன் மகள் பெட்டியின் தலைமாட்டில் ஒரு டாப்லெட்டை நிறுத்தி, அதற்குக் கேபிள் கொடுத்து வைத்தாள். வாய்க்கரிசி போடும்போது அக்கா அங்கிருந்து உன் முகத்தைப் பார்த்துத் தேவாரம் பாடுவதாக ஏற்பாடு.

கிரியையில் பாட்டுப் பாடிச் சுண்ணம் இடிக்கத் தொடங்கியபோது, எல்லாம் ஒழுங்கா என்று பார்க்க நான் மாடிக்குப் போனேன். அந்த முனை தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்காவது உன் வேலை முடிந்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன். தூசி துடைத்து, மாடி சுவிட்சின் வெறும் துளையொன்றில் செருகினேன். மனம் நிறைந்துதான் படியிறங்கினேன்.

மறுமுனை எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை. அது கீழே உன் சுவிட்சில் ஏற்கெனவே செருகப்பட்டிருந்தது. இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையில் இப்போது இரண்டு பாதைகள். ஒன்றால் கீழே போகும் செய்தி மற்றதால் மேலே வரும். திரும்பவும் போகும், பெருகிப் பெருகிச் சுற்றும், வேறெதற்கும் இடம் விடாது. இதைக் கவுன்சிலில் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்.

கீழே வந்தபோது அக்கா திரையில் வாய் திறந்தபடி உறைந்திருந்தார்.

"அங்கிள், படம் நிண்டுட்டுது! ஓடிப்போய்ப் பாருங்கோ" என்றாள் உன் மகள்.

ஓடினேன். விளக்குகள் எல்லாம் வெறிபிடித்தது போல் துடித்தன. ரூட்டரை அணைத்து, மறுபடி போட்டேன். திரும்பவும் அணைத்துப் போட்டேன். நான் செருகியதை மட்டும் தொடவில்லை. அது நான் சரியாகச் செய்த வேலை அல்லவா. வெளியே பெட்டி ஏற்றும் கார் காத்து நின்றது. தகனசாலையில் தந்த நேரம் தவறினால் அடுத்தவர்களின் நேரம் வந்துவிடும். பெட்டியை மூடினார்கள்.

எல்லாம் முடிந்து மண்டபத்தைப் பூட்ட வந்தபோதுதான் விளங்கியது. முனையை இழுத்தேன். விளக்குகள் அடங்கின.

மூன்றாவது. என்ன பிழை அங்கிள் என்று உன் மகள் கேட்டாள். "இஞ்ச எல்லாம் சரி பிள்ளை. அங்கத்தைய லைன்தான்" என்றேன். அவள் அதை அப்படியே அக்காவுக்குச் சொன்னாள். அடுத்த நாள் அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, நான்தான் எதையோ அமத்திப்போட்டன் போல. கண்ணாடியும் போடேல்ல. அவன்ர முகத்தை நானே அணைச்சுப்போட்டன்."

"அப்பிடி இல்லை அக்கா" என்றேன். அவர் அழுது முடியும் வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று உன் முப்பத்தோராம் நாள். அதே மண்டபம், அதே டாப்லெட், பெட்டி இருந்த இடத்தில் உன் படம். சாப்பாடு கொண்டுவந்தவர்கள் சட்டிகளோடு கதவை அடித்துச் சாத்தியதில், இரண்டு சுவிட்சையும் தொடுத்த கேபிள் நசிந்துபோயிற்று. திரை கறுத்தது.

"இண்டைக்கும் மாமி பாக்கேலாதோ?" என்றாள் உன் மகள்.

மேலே போனேன். இம்முறை தொங்கும் முனையைக் கையில் பிடித்து, சுவரோடு, படியோடு, மேடைக்குப் பின்னால் வரை தடவிக்கொண்டே போய்ப் பார்த்தேன். நசிந்ததைக் கழற்றினேன். தொங்கியதைச் செருகினேன். விளக்கு எரிந்தது.

அக்கா திரைக்கு வந்தார். கூட்டங்களில் ஒருநாளும் வாய் திறக்காத நான் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் ஒண்டையும் அமத்தேல்ல. நான்தான் கேபிளைப் பிழையாச் செருகினனான். பிறகு உங்கட லைன் எண்டு பொய்யும் சொன்னனான்."

உன் மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு ஏலாது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.

"இவ்வளவு நாளும் இந்தப் போனைத் தொடவே பயந்து கிடந்தனான், தம்பி." பிறகு, "சரி, தள்ளி நில்லும். அவன்ர படம் மறைக்குது" என்றார்.

தள்ளி நின்றேன். அக்கா பாடினார், கடைசி வரை. என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மேலே எழுதியதில் முதலாவது விடயம் பிழை. நீ வேலையை முடித்துத்தான் வைத்திருந்தாய். அந்த ஒரு கேபிள் பழுதானால் என்று நான் கேட்டதற்கு, அன்றைக்கே இன்னொரு கேபிளை இழுத்து, ஒரு முனையைச் செருகி, தேவைப்படும் நாளில் செருகட்டும் என்று மறுமுனையை என் கண் முன்னால் தொங்கவிட்டிருக்கிறாய். இத்தனை வருடமும் நான் அதை உன் பஞ்சி என்றே எண்ணியிருந்தேன்.